கோல்நிறைகூலி

அக்கா மகன் கொண்டுவந்து நீட்டிய தாளில் மலைச்சரிவு போல ஏறி, உச்சிக்குப் போய்த் தளர்ந்து இறங்கும் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மேலே தடித்த எழுத்தில் 139 என்று அச்சாகியிருந்தது.

"34 எச்.பி. ஏறியிருக்கு மாமா" என்றான்.

அவனுக்கு ஒரகடத்தில் வண்டித் தொழிற்சாலையொன்றில் வேலை. பழைய போலோ ஜிடி டீசல் ஒன்றைக் கைமாற்றில் வாங்கியிருந்தான். கம்பெனிக் கணக்குப்படி அதற்கு 105 குதிரைத்திறன். சென்னையில் ஒரு பட்டறையில் விட்டு அதன் கம்ப்யூட்டரை ரீமேப் செய்துகொண்டு வந்திருக்கிறான். எவ்வளவு டீசல் தெளிப்பது, டர்போ எவ்வளவு காற்றை அழுத்துவது என்று உள்ளே இருக்கும் அட்டவணைகளை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். ஒரு ஸ்பேனர்கூட எடுக்க வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் வண்டியை உருளைகள்மேல் ஏற்றி, பெல்ட் போட்டுத் தரையோடு கட்டி, நின்ற இடத்திலேயே விரட்டி ஓட்டியிருக்கிறார்கள். அந்த மிஷின் துப்பிய தாள்தான் இது.

"ரீமேப் பண்றதுக்கு முன்னாடி இதே மிஷின்ல ஏத்திப் பாத்தாங்களா?"

"எதுக்கு மாமா? 105-ன்னு கம்பெனிக்காரனே சொல்லியிருக்கானே."

எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓட்டக்கூடத் தெரியாது. அந்தக் கேள்வி என் வாயில் வந்ததற்குக் காரணம் நான் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதுதான்.

காஞ்சிபுரத்தில் பட்டு எடையில்தான் கைமாறும். முதலாளியோ சங்கமோ நெசவாளிக்குப் பாவையும் ஊடையையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார்கள். சேலையாக முடிந்து போகும்போது அதையும் நிறுப்பார்கள். சேதாரத்துக்கென்று கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். அதற்குமேல் குறைந்தால் கூலியில் பிடிப்பு. அப்பா ஒரு நீளக் கணக்கு நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு சேலைக்கும் எதிரே இரண்டு எடை எழுதியிருப்பார், வாங்கியது, கொடுத்தது. சில வரிகளின் ஓரத்தில் மட்டும் 'மழை' என்று சின்னதாக ஒரு சொல். வெகுகாலம் அது எனக்குப் புரியவில்லை. மழையால் தறி நின்ற நாட்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டு காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும், தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். ஐரோப்பாவில் பட்டு வியாபாரம் செய்தவர்கள் இதனால் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரான்சில் லியோன் நகரத்தில் 1805-ல் இதற்கென்றே ஒரு பொதுச் சோதனைச் சாலை ஏற்படுத்தினார்கள். பட்டு அங்கே போய்த் தன் ஈரத்தைச் சரிக்கட்டிக்கொண்ட பிறகுதான் விலை. பிற்பாடு மாதிரியை முழுக்க உலர்த்தி நிறுத்து, அந்த எடையோடு 11 சதவீதம் கூட்டிக்கொள்வது என்ற வழக்கம் வந்தது. இன்றும் பட்டுக்கு அந்த 11-தான் கணக்கு. அரைக் கிலோ உலர்ந்த பட்டுக்கு அது 55 கிராம். எங்கள் தெருவில் 10 கிராமுக்குச் சண்டை நடந்து பார்த்திருக்கிறேன். அந்த 10 கிராமைப் போல ஐந்து மடங்குக்கும் மேலே காற்று சும்மா தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

ஐப்பசி அடைமழையில் நிறுத்து வாங்கிய பட்டை, தை மாதத்து வெயிலில் சேலையாகக் கொண்டுபோய் நிறுத்தால் குறையத்தான் செய்யும். நெசவாளி திருடவில்லை, வானம் வெளுத்துவிட்டது, அவ்வளவுதான். அப்பாவின் 'மழை' அதற்கான சாட்சி. முதலாளி அதை ஒத்துக்கொண்டாரா என்பது வேறு கதை.

அக்கா மகனின் தாளை வைத்துக்கொண்டு ஒரு மாதம் போல இதையே படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க அந்த உருளை மிஷினுக்குள் எங்கள் தெருத் தராசு தெரிய ஆரம்பித்தது. வெறும் உவமைக்காகச் சொல்லவில்லை. 1821-ல் பிரான்சில் புரோனி என்ற பொறியாளர் இன்ஜினின் சுழலும் தண்டைப் பிரேக் கட்டையால் இறுக்கிப் பிடித்து, கட்டையிலிருந்து நீளும் கையின் நுனியில் எடைக்கல்லை வைத்து அதன் பலத்தை அளந்தார். பிரேக் ஹார்ஸ்பவர் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பிரேக் இதுதான். இப்போதைய மிஷினில் கட்டைக்குப் பதில் மின்காந்தம் உருளையைப் பிடித்து இழுக்கிறது, கல்லுக்குப் பதில் லோடு செல் அந்த இழுப்பை நிறுக்கிறது. மிஷின் சரியாகத்தான் காட்டுகிறதா என்று பார்ப்பதற்குக் கையின் நுனியில் தெரிந்த எடைக்கல்லைத் தொங்கவிடுவார்கள். பிரேக்கே இல்லாத இன்னொரு வகையும் உண்டு. அதில் உருளையின் கனம் தெரியும்; அந்தக் கனத்தைச் சக்கரம் எவ்வளவு சீக்கிரம் சுழற்றி ஏற்றுகிறது என்பதிலிருந்து திறனைக் கணக்கிடுவார்கள்.

அளவு என்னவோ குதிரையில் தொடங்கியது. ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று ஜேம்ஸ் வாட் சொன்னது, தன் நீராவி இயந்திரத்தைக் குதிரை வைத்திருப்பவர்களிடம் விற்பதற்காக. பிறகு ஐரோப்பியர்கள் 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்குவது ஒரு குதிரை என்று தங்களுக்கொரு குதிரையைச் செய்துகொண்டார்கள். இது வாட்டின் குதிரையைவிடக் கொஞ்சம் நோஞ்சான். ஐரோப்பியக் குதிரையில் 139 என்றால் வாட்டின் குதிரையில் 137. தாளில் எந்தக் குதிரை என்று போடவில்லை.

குதிரை போகட்டும். லோடு செல் நிறுப்பது சக்கரத்தின் இழுப்பைத்தான். கம்பெனி சொல்லும் 105 இன்ஜினின் தண்டில் அளந்தது. நடுவில் கியர்பாக்ஸ் தின்றது, டயர் தின்றது எல்லாம் உண்டு. அக்கா மகனின் தாளில் கீழே பொடி எழுத்தில் சக்கரத்தில் 118, இழப்பு 21 என்று இருந்தது. கூட்டினால் 139. அந்த 21 எங்கிருந்து வந்தது? உச்சிக்குப் போனதும் கிளட்சை மிதித்து வண்டியைத் தானாக ஓய விடுவார்கள். எவ்வளவு வேகமாக ஓய்கிறது என்பதை வைத்து வழியில் எவ்வளவு வீணாகிறது என்று மிஷின் ஊகிக்கும். ஓயும்போது ஒருவன் பிரேக்கை லேசாகக் கால் நுனியால் தொட்டால் இழப்பு கூடும், இழப்பு கூடினால் இன்ஜின் திறனும் தாளில் கூடும். அவர்கள் தொட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பெல்ட்டை எவ்வளவு இறுக்கினார்கள், டயரில் காற்று எவ்வளவு, டயர் சூடேறியிருந்ததா என்பதற்கெல்லாமும் அந்த 21 அசைந்து கொடுக்கும்.

அதற்கப்புறம் மழை வருகிறது, அதாவது அப்பாவின் மழை.

இன்ஜினும் காற்றைக் குடிக்கிற ஜென்மம்தான். சூடான காற்று மெலிந்தது. ஈரக்காற்றில் ஆக்சிஜன் குறைவு. ஆகவே எந்த ஊரில் எந்த நாளில் அளந்தாலும் ஒரு பொதுவான வானிலைக்கு மாற்றிச் சொல்வது என்று வைத்துக்கொண்டார்கள், லியோனின் 11 சதவீதம் போல. அமெரிக்கர்களின் ஜே 1349 என்ற விதிமுறைக்கு 25 டிகிரி வெப்பமும், ஈரத்தைக் கழித்த 99 கிலோபாஸ்கல் காற்றழுத்தமும் பொதுவானிலை. ஜெர்மானியர்களின் பழைய விதிக்கு 20 டிகிரி. அதில் எண் இன்னும் பெரிதாக வரும். பல பட்டறை மென்பொருள்களில் எந்த விதி வேண்டுமோ அதைப் பட்டியலிலிருந்து தேர்ந்துகொள்ளலாம்.

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கான ஜே 1349 சூத்திரத்தில் நம்மூர் அக்கினி நட்சத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். 38 டிகிரி, கடலோரப் புழுக்கம், அதற்குத் தக்க காற்றழுத்தம். மிஷின் 100 என்று அளந்தால் தாளில் 105 வரும். மார்கழிக் காலைக்குப் போட்டால் 100-ஐக்கூட எட்டவில்லை. பிறகு ஒரு குறும்பு. வெப்பத்தை அளக்கும் கம்பியை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து, கொதிக்கும் பானெட்டுக்கு அருகே வைத்ததாக 55 டிகிரி போட்டேன். 108-ஐத் தாண்டியது. எட்டு முழம் தள்ளி வைத்த ஒரு கம்பி மூன்று சதவீதம் திறனைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. இந்த ரீமேப்புக்கு எவனும் காசு வாங்குவதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இவ்வளவும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு. டர்போ உள்ள வண்டி வெயிலில் காற்று மெலிந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்திக் குறையை நிரப்பிக்கொள்ளப் பார்க்கும். தானே நிரப்பிக்கொண்ட குறையைக் கணக்கிலும் ஒருமுறை நிரப்பினால் சேலைக்கு இரட்டைச் சேதாரம் கொடுத்த மாதிரி. டீசல் இன்ஜின்களுக்கு வேறு சூத்திரமே இருக்கிறது. பட்டறையில் எது போட்டிருந்தார்கள் என்று அக்கா மகனுக்குத் தெரியவில்லை. மறுபக்கம், வண்டிக்கு அநியாயமும் நடக்கிறது. சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அறையும் காற்றைப் பட்டறை மின்விசிறி தர முடியாது. டர்போ அழுத்திச் சூடேற்றிய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் இரண்டு ஓட்டத்திலேயே கொதித்துவிடும்.

அப்படியானால் உருளை பொய் சொல்கிறதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 1999-ல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி மஸ்டாங் கோப்ரா என்ற வண்டியை 320 குதிரைத்திறன் என்று விற்றது. வாங்கியவர்கள் உருளையில் ஏற்றிப் பார்த்தார்கள். எந்த ஊர் உருளையில் ஏற்றினாலும் குறைந்தது. கடைசியில் கம்பெனி விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்து கொடுத்தது. 2002-ல் ஹூண்டாய், அமெரிக்காவில் பத்து வருடங்களாக விற்ற சுமார் 13 லட்சம் வண்டிகளின் திறனைக் கூட்டிச் சொல்லிவிட்டதாக ஒத்துக்கொண்டது. ஆக "கம்பெனிக்காரனே சொல்லியிருக்கானே" என்பதும் கல்லில் பொறித்த வாக்கு ஒன்றும் இல்லை. சட்டைப்பையில் ஒரு சலுகையோடுதான் அவர்களும் எண்ணைச் சொல்கிறார்கள். 105 என்று எழுதிய வண்டி 105-க்கு மேலேயே வெளிவருவதும் உண்டு.

இதில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது ஃபோக்ஸ்வாகன் கதை. 2015 செப்டம்பரில் வெளிவந்தது. வண்டி உருளைமேல் நிற்கிறது என்பதை வண்டியே கண்டுபிடித்துவிடும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். சக்கரம் சுற்றுகிறது, ஸ்டியரிங் திரும்பவே இல்லை, வேகம் சோதனைப் பாடத்தில் உள்ளபடியே ஏறி இறங்குகிறது. சரி, இது பரீட்சை என்று தெரிந்துகொண்டு புகையைக் குறைத்துக்கொள்ளும். தெருவுக்கு வந்ததும் பழைய குணம். மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவியை டிக்கியில் கட்டிக்கொண்டு நிஜச் சாலையில் ஓட்டியதால்தான் முடிச்சு அவிழ்ந்தது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகள், இந்தியாவில் மட்டும் 3 லட்சத்துக்கு மேல். வாத்தியார் வரும்போது மட்டும் புத்தகம் எடுக்கிற பையன்களை நமக்குத் தெரியும். தராசுத் தட்டில் உட்கார்ந்திருப்பதை உணர்ந்து மூச்சை அடக்கிக்கொள்ளும் சரக்கை அப்பாவும் பார்த்ததில்லை, லியோன்காரர்களும் பார்த்ததில்லை.

நகைக்கடைக்காரர்கள் இந்தத் தொல்லையை ரொம்ப காலத்துக்கு முன்பே வேறு வழியில் தீர்த்துக்கொண்டார்கள். உரைகல்லில் நகையை மட்டும் இழைத்துப் பார்த்து எந்த ஆசாரியும் மாற்றுச் சொல்ல மாட்டார். மாற்றுத் தெரிந்த உரையாணியைப் பக்கத்திலேயே இழைப்பார். இரண்டு கீற்றும் ஒரே கல்லில், ஒரே வெளிச்சத்தில், ஒரே கண்ணுக்கு முன். கல் கொஞ்சம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தாலும் இரண்டு கீற்றுக்கும் அது பொது. காரை உருளையில் ஏற்றுகிறவர்களில் விஷயம் தெரிந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஒரே மிஷினில் ஒரே நாளில் அடுத்தடுத்து ஓட்டினால் ஓட்டத்துக்கு ஓட்டம் ஒன்றிரண்டு சதவீதம்தான் மாறும். ஊர் விட்டு ஊர் போய் வேறு மிஷினில் ஏற்றினால் பத்து சதவீதம் கூடப் பிசகலாம். தாளின் உச்சியில் தடித்த எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, இரண்டு கோட்டுக்கும் இடையிலுள்ள வெளியைப் பார்க்க வேண்டும். அக்கா மகனின் தாளில் இரண்டு கோடுகள் இருந்தனவே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். சிவப்பு திறன், நீலம் டார்க் என்கிற முறுக்குவிசை. இரண்டுமே ரீமேப்புக்குப் பிறகு எடுத்தவை. உரையாணி இழைக்கவே இல்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாள் கோயில் இருக்கிறது. ஓரடி தூக்கி நிற்கிற அந்த நெடிய உருவத்தைச் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கிறது. பழைய பெயர் ஊரகம். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இந்த ஊரகத்துப் பெருமானுக்கு உரிய வருமானத்தைச் சொல்கிறது. கச்சிப்பேடு என்ற அன்றைய காஞ்சியின் கோல்நிறைகூலியும் கால்அளவுகூலியும் கோயிலுக்கு. தராசுக் கோலில் நிறுக்கிறவற்றுக்கும், மரக்கால் போன்ற காலில் அளக்கிறவற்றுக்கும் வாங்கிய கூலி. ஊரில் எது நிறுக்கப்பட்டாலும் எது அளக்கப்பட்டாலும் உலகை அளந்தவனுக்கு ஒரு பங்கு. அதே செப்பேட்டில் கோயில் காரியத்தைப் பார்க்கும் பொறுப்பு நெசவாளர் குடியிருந்த நான்கு சேரிக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்டதும் வருகிறது.

அந்தக் காலத்தில் யாரும் ஏமாற்றவில்லை என்று நான் நம்பவில்லை. ஏமாற்றாத ஊரில் நிறைகூலிக்கு என்ன வேலை? என் கவனம் போவது வேறு இடத்துக்கு. விற்கிறவனும் இல்லாமல் வாங்குகிறவனும் இல்லாமல் மூன்றாவது ஒரு கை தராசின்மேல் இருந்திருக்கிறது. இப்போதும் மளிகைக்கடைத் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். அக்கா மகனுக்குத் திறனை விற்ற பட்டறையிலேயே அந்தத் திறனை நிறுக்கும் தராசும் இருந்தது. அதன்மேல் எந்த முத்திரையையும் அவன் பார்க்கவில்லை. அப்பாவின் நிலைமையும் இதுதான். கொடுக்கும்போது நிறுத்ததும் முதலாளியின் தராசு, வாங்கும்போது நிறுத்ததும் முதலாளியின் தராசு. ஆனால் ஒன்று, இரண்டு தடவையும் அதே தராசு. அந்த ஒரு பாதுகாப்பாவது அப்பாவுக்கு இருந்தது.

இதையெல்லாம் சொன்னபோது அக்கா மகன் சிரித்தான். "தாள் கெடக்குது மாமா. மிதிச்சா தெரியுது எனக்கு. சீட்ல முதுகு ஒட்டுது" என்றான். முதுகும் ஒரு தராசு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ரீமேப் செய்கிறவர்கள் பெடலின் கணக்கையும் பல நேரம் மாற்றிவிடுகிறார்கள். முன்பு பாதி மிதித்தால் கிடைத்தது இப்போது கால்வாசி மிதித்தாலே கிடைக்கும். முழுக்க மிதித்தால் வருகிற கடைசி எண் மாறாமலேயே வண்டி பாய்வது போல முதுகுக்குத் தோன்றும். கொடுத்த காசும் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே திரும்பப் போனான். நான் சொல்லிப் போனான் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். கூட வேலை செய்கிற யாரோ கிண்டல் செய்ததுதான் காரணம் என்று அக்கா சொன்னாள். பட்டறைக்காரர் முகம் சுளிக்கவில்லை. பழைய கணக்கைத் திரும்ப ஏற்றி மூன்று ஓட்டம், புதிய கணக்கை ஏற்றி மூன்று ஓட்டம். டயர்க் காற்று ஒன்று, கியர் ஒன்று, நடுவில் ஆற விட்ட நேரம் ஒன்று. பழைய கணக்கில் 118, 119, 120 வந்தது. கம்பெனியின் 105 அந்த உருளையில் எங்கேயும் தட்டுப்படவில்லை. புதியதில் 137, 136, பிறகு இன்டர்கூலர் சூடேறி 134. சராசரி பார்த்தால் 17-ஐக்கூட முழுசாகத் தொடவில்லை. முதலில் சொன்ன 34-ல் பாதி.

இந்தத் தடவை தாளின் பின்புறம் பென்சிலால் 29 டிகிரி என்றும், மேகமூட்டம் என்றும் எழுதி வைத்திருந்தான். அவன் தாத்தாவின் நோட்டை அவன் பார்த்ததே இல்லை. என்னிடம்கூட அது இப்போது இல்லை, வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது.

"பதினேழு நல்ல எண்தான் மாமா" என்றான். "105-க்குப் பதினேழுன்னா சும்மாவா?"

"105-க்கு இல்லடா, 119-க்கு."

"சரி, 119-க்கு."

"ஃப்ரெண்ட்ஸ் கேட்டா என்ன சொல்லுவே?"

சாவியைச் சுழற்றிக்கொண்டே வாசல் வரை போனவன் திரும்பிப் பார்த்தான். "139" என்றான்.